உபுண்டுவை மறுபடி போடும் முன்: பேக்கேஜ் பட்டியலை எடுத்து வைப்பது எப்படி?

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, உபுண்டு 22.04-ஐத் தூக்கிவிட்டு 24.04 போடப் போகிறேன். ரெண்டு வருஷமா ஒவ்வொன்றா இன்ஸ்டால் செஞ்சு வச்சதெல்லாம் போயிடுமே?" என்றான். விசாரித்தால், ஒரு ஃபோல்டர் நிறைய டெப் கோப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறான். விண்டோஸ் காலத்தில் செட்டப் கோப்புகளைப் பென் டிரைவில் பத்திரப்படுத்துவோமே, அதே பழக்கம்.

லினக்ஸில் அது தேவையில்லை. 22.04-க்காகக் கட்டிய டெப் கோப்பு பெரும்பாலும் 24.04-இல் ஒட்டாது, அது எதிர்பார்க்கும் லைப்ரரிகள் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புகள்) அங்கே வேறு பதிப்பில் இருக்கும். மென்பொருளைச் சுமக்க வேண்டாம், பெயர்களை எழுதிக்கொண்டால் போதும். மளிகைச் சீட்டு மாதிரிதான்: புதுத் தெருவில் இருக்கும் கடையில் சீட்டை நீட்டினால் சாமான் வந்துவிடும். ஆனால் சீட்டில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன்.

அவனுக்குப் போனில் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கட்டளைகளும் போனில் சொன்னபடியே தமிழ் எழுத்தில் இருக்கும். டெர்மினலில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். உபுண்டுவில் மென்பொருளை நிறுவும் கருவி ஏபிடி. ஏபிடி என்றால் ஆப்பிள் ஏ, பென் பி, டேபிள் டி. நான் இடைவெளி விட்ட இடத்தில் மட்டும் இடைவெளி விடுங்கள். ஹைஃபன் இருந்தால் ஹைஃபனும் வேண்டும்.

அப்கிரேடா, புதிதாகப் போடுவதா?

உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அப்கிரேடு செய்தால் பேக்கேஜ்கள் கூடவே வந்துவிடும். ஆனால் பதிப்பைத் தாண்டிக் குதிக்க முடியாது, 20.04-இல் இருப்பவர் 22.04-க்குப் போய்த்தான் 24.04-க்கு வர வேண்டும். அப்கிரேடின்போது வெளியார் ரெப்போக்கள் (உபுண்டு அல்லாதவர்கள் நடத்தும் மென்பொருள் கிடங்குகள்) எல்லாம் அணைத்து வைக்கப்படும். முடிந்த பிறகு நீங்கள்தான் ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி இயக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் மாற்றுகிறீர்கள், சிஸ்டம் குழம்பிக் கிடக்கிறது, இரண்டு பதிப்பு தாண்ட வேண்டியிருக்கிறது என்றால் புதிதாகப் போடுவதே நல்லது. அப்கிரேடுதான் செய்யப் போகிறீர்கள் என்றாலும் கீழே சொல்லும் பட்டியலை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் கரண்ட் போய்விட்டால் அப்கிரேடு புது இன்ஸ்டாலில் போய் முடியலாம்.

பட்டியல்

டெர்மினலைத் திறந்து இதை அடியுங்கள்:

ஏபிடி-மார்க் ஷோமேனுவல் > லிஸ்ட்

அவ்வளவுதான். அம்புக்குறி வெளியீட்டைத் திரையில் காட்டாமல் லிஸ்ட் என்ற கோப்பில் எழுதிவிடும். கோப்பு உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும்.

இணையத்தில் தேடினால் வேறொரு கட்டளைதான் முதலில் கண்ணில் படும்: டிபிகேஜி --கெட்-செலக்‌ஷன்ஸ். பல வருஷமாகச் சுற்றுவது. அதைத்தான் நானும் ஒருமுறை பயன்படுத்தினேன். ஏறக்குறைய 2,000 வரிகள் வந்தன. சிஸ்டத்தில் இருக்கும் ஒவ்வொரு பேக்கேஜையும் அது எழுதிவிடும்: நீங்கள் கேட்டது, அதற்குத் துணையாகத் தானே வந்தது, பழைய கெர்னல் (சிஸ்டத்தின் மையக் கரு), பெயர் தெரியாத லைப்ரரி, எல்லாம். அதே பதிப்பை அதே மெஷினில் மறுபடி போடுவதற்குப் பரவாயில்லை. பதிப்பு மாறும்போது அது தலைவலி.

காரணம் லைப்ரரிகளின் பெயர்கள். 20.04-இல் லிப்எஸ்எஸ்எல்1.1 என்று இருந்தது 22.04-இல் லிப்எஸ்எஸ்எல்3 ஆனது. 24.04-இல் இன்னும் பெரிய கூத்து. 32 பிட் கணினிகளில் நேரத்தை எண்ணும் எண் 2038 ஜனவரி 19-ஆம் தேதி நிரம்பி வழிந்துவிடும். அதைச் சரிசெய்ய அந்த எண்ணை 64 பிட்டாக்கினார்கள். அப்போது ஏராளமான லைப்ரரிகளின் பெயருக்குப் பின்னால் டி64 என்று வால் முளைத்தது. 64 பிட் மெஷின்களிலும் அந்தப் பெயர் மாற்றம் வந்தது. லிப்ஜிடிகே-3-0 என்று பழைய பட்டியலில் இருந்தால் புதியதில் அது லிப்ஜிடிகே-3-0டி64. இப்படி நூற்றுக்கணக்கில் பெயர்கள் மாறியிருக்கும்போது பழைய பட்டியலை அப்படியே கொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஷோமேனுவல் இந்தச் சிக்கலில் மாட்டாது. ஜிம்ப் வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். ஏபிடி அதோடு பத்து லைப்ரரிகளை இழுத்து வருகிறது. அந்தப் பத்துக்கும் 'தானாக வந்தது' என்று தன் கணக்கில் ஒரு குறி போட்டுக்கொள்கிறது. ஷோமேனுவல் அந்தக் குறி இல்லாதவற்றை மட்டும் காட்டும். ஜிம்ப் சீட்டில் இருக்கும், பத்து லைப்ரரிகள் இருக்காது. புது சிஸ்டத்தில் ஜிம்ப் கேட்டால், அங்கே என்ன பெயரில் எந்த லைப்ரரி வேண்டுமோ அதை ஏபிடி பார்த்துக்கொள்ளும்.

ஒரு குறை உண்டு. உபுண்டுவை முதலில் நிறுவியபோது இன்ஸ்டாலர் போட்ட பல பேக்கேஜ்களும் 'நீங்கள் கேட்டது' என்றே பதிவாகியிருக்கும். அதனால் லிஸ்டைத் திறந்ததும் அறிமுகமில்லாத பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவற்றைக் கழிக்க ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது, லிஸ்டை எடிட்டரில் திறந்து ஒருமுறை மேலிருந்து கீழ் வரை படிப்பது. பத்து நிமிஷ வேலை. இவற்றை அழித்துவிடுங்கள்:

- லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெடர்ஸ் என்று தொடங்குபவை. கெர்னலைப் புது சிஸ்டம் தானே கொண்டுவரும்.
- கிரப் என்று தொடங்குபவை. மெஷினைப் பூட் செய்யும் நிரல் அது, புது சிஸ்டத்தோடு வந்துவிடும்.
- என்விடியா டிரைவர்கள். பதிப்பு எண்ணோடு இருக்கும். புது சிஸ்டத்தில் சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால் என்று கொடுத்தால் பொருத்தமானது வந்துவிடும். சுடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்.
- எப்போதோ ஒரு வேலைக்காகப் போட்டு மறந்துவிட்டவை.

கடைசி வகைதான் அதிகம் இருக்கும். ஏதோ வீடியோவைப் பார்த்துப் போட்ட மூன்று ஸ்கிரீன் ரெக்கார்டர்கள் என் பட்டியலில் இருந்தன.

எதை எப்போது போட்டோம் என்று நினைவில்லையா? இதைக் கேளுங்கள்:

இசட்கிரெப் கமாண்ட்லைன் /வார்/லாக்/ஏபிடி/ஹிஸ்டரி.லாக்*

இதில் மட்டும் கமாண்ட்லைனின் முதல் எழுத்து பெரிய சி. நீங்கள் அடித்த ஏபிடி கட்டளைகள் வரிசையாக வரும். வழக்கமான அமைப்பில் ஏறக்குறைய ஒரு வருஷத்துக் கதை கிடைக்கும். டைரி படிப்பது போல இருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் ஐபஸ்-எம்17என் லிஸ்டில் இருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகை அதன் வழியாக வருகிறது. எழுத்துருவுக்காக ஃபாண்ட்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ்களைப் போட்டிருந்தால் அவையும் இருக்கட்டும். இன்னொன்று: கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் இந்த ஒரு கோப்புக்கு ஆங்கிலப் பெயரே வையுங்கள். புது சிஸ்டத்தில் முதல் நாள் தமிழ் விசைப்பலகை இருக்காது. விசைப்பலகையை நிறுவுவதற்கான பட்டியலைத் திறக்கவே விசைப்பலகை வேண்டும் என்ற நிலையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏபிடிக்குத் தெரியாதவை

ஸ்னாப் (ஏபிடியைச் சாராத இன்னொரு நிறுவும் முறை) வழியாக வந்தவை மேலே சொன்ன லிஸ்டில் இருக்காது. 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸே ஸ்னாப்தான்.

ஸ்னாப் லிஸ்ட் > ஸ்னாப்ஸ்

கடைசி நெடுவரிசையில் கிளாசிக் என்று எழுதியிருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை மறுபடி போடும்போது --கிளாசிக் என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். கோர், பேர், ஸ்னாப்டி, ஜிநோம் என்று தொடங்குபவை துணைக்கு வந்தவை, விட்டுவிடலாம்.

ஸ்னாப் போலவே இன்னொரு முறையான ஃபிளாட்பேக் பயன்படுத்துபவர்களுக்கு:

ஃபிளாட்பேக் லிஸ்ட் --ஆப் --காலம்ஸ்=அப்ளிகேஷன் > ஃபிளாட்ஸ்

அடுத்து, எந்த ரெப்போவிலும் இல்லாமல் இணையத்திலிருந்து நேராக இறக்கிப் போட்ட டெப்கள். இவைதான் மறக்கும்:

ஏபிடி லிஸ்ட் --இன்ஸ்டால்டு | கிரெப் லோக்கல்]

பின்னால் லோக்கல் என்று வரும் பெயர்கள் அவை. இவற்றைத் தனித்தாளில் எழுதி, எந்தத் தளத்திலிருந்து இறக்கினீர்கள் என்றும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புதுப் பதிப்புக்கு ஏற்ற கோப்பை அங்கேயே மறுபடி இறக்க வேண்டும்.

வெளியார் ரெப்போக்களின் முகவரிகள் /ஈடிசி/ஏபிடி/சோர்சஸ்.லிஸ்ட்.டி என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. அதைப் பார்ப்பதற்காக மட்டும் நகல் எடுங்கள். புது சிஸ்டத்தின் மேல் அப்படியே ஒட்டாதீர்கள்! அந்தக் கோப்புகளுக்குள் ஜாமி என்று எழுதியிருக்கும், அது 22.04-இன் பெயர். 24.04-இன் பெயர் நோபல். ஜாமி ரெப்போவை நோபல் சிஸ்டத்தில் இணைத்தால், அரிசி மூட்டையில் உப்பைக் கலந்த கதைதான், பிரித்தெடுக்க முடியாது. தவிர, 24.04-இல் இந்தக் கோப்புகளின் வடிவமே மாறிவிட்டது. எந்தெந்த ரெப்போ வேண்டும் என்று தெரிந்துகொண்டு, புதிதாகச் சேர்த்துக்கொள்வதே முறை.

பிப், என்பிஎம் வழியாகப் போட்டவை, ஆப்இமேஜ் கோப்புகள், /ஆப்ட் ஃபோல்டரில் கிடப்பவை, கிரான்டாப் வரிகள்: இவை உங்களிடம் இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோம் ஃபோல்டர்

பேக்கேஜை மறுபடி போட்டுவிடலாம். அதன் அமைப்புகள் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்களில் இருக்கின்றன. ஃபைல்ஸ் செயலியில் கன்ட்ரோலோடு ஹெச்-ஐ அழுத்தினால் தெரியும். டாக்குமென்ட்ஸையும் போட்டோக்களையும் மட்டும் நகல் எடுத்துவிட்டு, பிரவுசர் புக்மார்க் எல்லாம் போனதே என்று புலம்புபவர்கள் இதைத்தான் விட்டிருப்பார்கள். ஸ்னாப் ஃபயர்ஃபாக்ஸின் புக்மார்க்குகள் ஹோமில் ஸ்னாப் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். ஃபிளாட்பேக் செயலிகளின் தரவு .வார் என்ற மறைவு ஃபோல்டருக்குள்.

பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும். லினக்ஸின் அனுமதி விவரங்கள் அவற்றில் நிற்காது. அதனால் ஹோமை டார் கோப்பாக (எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கும் வடிவம்) கட்டி வையுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹோமைத் தனிப் பார்டிஷனில் வைத்திருப்பவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். இன்ஸ்டாலரில் பார்டிஷன்களை நீங்களே தேர்வு செய்யும் வழியை எடுத்து, அந்தப் பார்டிஷனை /ஹோம் என்று குறித்து, ஃபார்மட் என்பதில் டிக் இல்லாமல் பார்த்துக்கொண்டு, பழைய பயனர் பெயரையே கொடுத்தால் போதும். அப்போதும் நகல் இல்லாமல் இறங்காதீர்கள். டிக் செய்யும் பெட்டி மிகச் சின்னது.

எல்லாக் கோப்புகளும் பென் டிரைவுக்குப் போயினவா? அதைக் கழற்றி வேறொரு மெஷினில் அல்லது போனில் செருகி, லிஸ்ட் திறக்கிறதா என்று பாருங்கள். அருமையாகத் திருத்திய பட்டியலை ஹோம் ஃபோல்டரிலேயே விட்டுவிட்டு அந்த டிஸ்கை ஃபார்மட் செய்தவன் சொல்கிறேன்.

மெஷின் பூட்டே ஆகவில்லை என்றால்

பட்டியல் அப்போதும் கிடைக்கும். உபுண்டு பென் டிரைவிலிருந்து ஏற்றி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியைத் தேர்வு செய்யுங்கள். ஃபைல்ஸில் பழைய டிஸ்கைக் கிளிக் செய்தால் திறக்கும். உள்ளே காலியிடத்தில் வலது கிளிக் செய்து, அங்கேயே டெர்மினலைத் திறந்து:

சுடோ சிஹெச்ரூட் . ஏபிடி-மார்க் ஷோமேனுவல் > ~/லிஸ்ட்

நடுவில் இருக்கும் புள்ளியை விட்டுவிடாதீர்கள். 'இந்த ஃபோல்டரையே சிஸ்டமாக நினைத்துக்கொள்' என்று சொல்வது அதுதான். கோப்பு தற்காலிக சிஸ்டத்தின் ஹோமில் விழும், மெஷினை அணைத்ததும் காணாமல் போகும். உடனே இன்னொரு பென் டிரைவுக்கு மாற்றுங்கள்.

திரும்பப் போடுவது

புது சிஸ்டம் வந்துவிட்டது. எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள், இன்னும் இல்லை. தேவையான வெளியார் ரெப்போக்களை மட்டும் சேர்த்துவிட்டு, சுடோ ஏபிடி அப்டேட் கொடுங்கள். பிறகு லிஸ்டை ஹோமுக்கு நகலெடுத்து, வரிசையாக:

சார்ட் லிஸ்ட் > ஓல்டு
ஏபிடி-மார்க் ஷோமேனுவல் | சார்ட் > நியூ
காம் -23 ஓல்டு நியூ > நீடு

சார்ட் என்பது எஸ், ஓ, ஆர், டி, பட்டியலை அகர வரிசையில் அடுக்கும். காம் என்பது சி, ஓ, இரண்டு எம். இரண்டு பட்டியல்களை ஒப்பிடும் சின்னக் கருவி. -23 என்றால் முதல் பட்டியலில் மட்டும் இருப்பவை. இன்ஸ்டாலர் தானே போட்டவை பெரும்பாலும் புது சிஸ்டத்திலும் இருப்பதால் கழிந்துவிடும். நீடு கோப்பில் மிஞ்சுவது அநேகமாக நீங்களாக விரும்பிப் போட்டவைதான். முன்னே சொல்கிறேன் என்றேனே, அந்த வழி இது.

அப்புறம், அவை புதுக் கடையில் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்:

ஏபிடி-கேஷ் பிகேஜிநேம்ஸ் | சார்ட் > ஆல்
காம் -12 நீடு ஆல் > ஹேவ்
காம் -23 நீடு ஆல் > மிஸ்ஸிங்

கேஷ் என்பது சி, ஏ, சி, ஹெச், இ. இதைத் தாண்டிவிட்டு நேராக இன்ஸ்டாலுக்குப் போனால், ஒரே ஒரு பெயர் கிடைக்காவிட்டாலும் ஏபிடி மொத்தப் பட்டியலையும் திருப்பி அனுப்பிவிடும். நாற்பது சாமானில் பெருங்காயம் இல்லை என்பதற்காகக் கடைக்காரர் எதையுமே தராத மாதிரி.

இப்போது:

எக்ஸ்ஆர்க்ஸ் -ஏ ஹேவ் சுடோ ஏபிடி இன்ஸ்டால்

முதல் சொல் எக்ஸ், ஏ, ஆர், ஜி, எஸ் என்று ஐந்து எழுத்து. அந்த -ஏ முக்கியம். அது இல்லாமல் அம்புக்குறியால் கோப்பைக் கொடுத்தால், ஏபிடி 'தொடரலாமா?' என்று கேட்கும்போது உங்களால் பதில் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பலர் -ஒய் என்று சேர்த்து எல்லாவற்றுக்கும் சரி சொல்லச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கேள்விக்கு மேலே என்னென்ன வரும், என்னென்ன போகும் என்று ஏபிடி எழுதிக் காட்டும். 'நீக்கப்படும்' என்ற தலைப்பின் கீழ் உபுண்டு-டெஸ்க்டாப் போன்ற பெயர் ஏதாவது தெரிந்தால் ஆங்கில 'என்' எழுத்தை அடித்து வெளியே வந்து, எந்தப் பேக்கேஜ் சண்டை போடுகிறது என்று தேடி நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் ஒய் அடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஃபிளாட்பேக்குக்கும் இதே உத்தி: ஃபிளாட்பேக்கை நிறுவி, ஃபிளாட்ஹப் ரெப்போவைச் சேர்த்தபின், எக்ஸ்ஆர்க்ஸ் -ஏ ஃபிளாட்ஸ் ஃபிளாட்பேக் இன்ஸ்டால் ஃபிளாட்ஹப். ஸ்னாப்களைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் போட்டுவிடுங்கள், அதிகம் இருக்காது.

மிஸ்ஸிங் கோப்பைத் திறந்து பாருங்கள். அக்கா மகனுக்கு அதில் ஒன்பது பெயர்கள் இருந்தன. நான்கு, நேராக இறக்கிப் போட்ட டெப்கள். இரண்டு, அவன் இன்னும் சேர்க்காத ரெப்போவைச் சேர்ந்தவை. பெயர் மாறிய லைப்ரரிகள் இரண்டு. ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்து அவனே கையால் போட்டவை, இப்போது தேவையில்லை. மிச்சம் ஒன்று என்னவென்று அவனுக்கே தெரியவில்லை, விட்டுவிட்டோம்.

வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்கள்

டெபியனில் ஏபிடி கட்டளைகள் அப்படியே பொருந்தும். லினக்ஸ் மின்ட்டில் பேக்கப் டூல் என்று ஒரு கருவி கூடவே வருகிறது. நிறுவிய மென்பொருள்களின் பட்டியலைச் சேமிக்கவும் திரும்பப் போடவும் அதில் பொத்தான்கள் உண்டு, டெர்மினல் பக்கம் போகவே வேண்டாம். ஃபெடோராவில் டிஎன்எஃப் ரெப்போகொயரி --யூசர்இன்ஸ்டால்டு என்பது ஷோமேனுவலின் வேலையைச் செய்யும். ஆர்ச்சில் பேக்மேன் -கியூகியூஇ. முதல் கியூ பெரியது, மற்ற இரண்டும் சின்னது. ஏயூஆரிலிருந்து (ஆர்ச் பயனர்களே நடத்தும் தொகுப்பு) போட்டவையும் அதிலேயே கலந்து வரும். அவற்றை மட்டும் தனியாகப் பார்க்க இ-க்குப் பதில் எம்.